200 மைல் நமக்குச் சொந்தம் என்றால் ராமேஸ்வரத்தில் ஏன் பிடிக்கிறார்கள்?

கோத்தகிரி மீன்கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரியில் மீன் கடை வைத்திருக்கிறேன். ராமேஸ்வரம், நாகப்பட்டினம் சரக்கு மேட்டுப்பாளையம் வழியாக ஏறும். கோழிக்கோட்டு மத்தியும் அயிலையும் கூடலூர் வழியாக வரும். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அது சொல்லி வைத்த மாதிரி எங்கள் சீசனில் வந்து விழும். மலர்க் கண்காட்சிக்கு வந்த கூட்டம் வஞ்சிரம் கேட்கும், நான் கேரளா வண்டியை எதிர்பார்த்து ஐஸைக் கொட்டிக்கொண்டு இருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கடையில் இரண்டு வாடிக்கையாளர்களுக்குள் வாக்குவாதம். ராமேஸ்வரம் படகுகளைப் பிடித்த செய்தி போனில் ஓடிக்கொண்டிருந்தது. கேரட் போடும் ஒரு பெரியவர், "கடல் என்ன எவன் அப்பன் வீட்டுத் தோட்டமா? வேலியா போட்டிருக்கான்?" என்றார். பக்கத்தில் நின்ற ரிட்டயர்டு சார், "அப்படியில்லைங்க, சர்வதேசச் சட்டப்படி 200 மைல் நமக்குச் சொந்தம். அதுக்குள்ள எவனும் நம்மைத் தொட முடியாது" என்றார்.

எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்தான். அங்கே 200 மைலை எங்கே போய் அளப்பது? இந்தக் கணக்கையெல்லாம் யார், எப்போது ஆரம்பித்தார்கள்? பாட்டன் காலத்திலிருந்து அங்கே மீன் பிடித்தவனுக்கு உரிமை இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

அவலாஞ்சி எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். 1982 டிசம்பரில் ஜமைக்காவில் கையெழுத்தான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைதான் இப்போதைய அடிப்படை. 1994இல் நடைமுறைக்கு வந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் கடல், கிட்டத்தட்ட நிலம் மாதிரி. 200 கடல் மைல் வரை பிரத்தியேகப் பொருளாதார மண்டலம். அங்கே மீன், எண்ணெய் எல்லாம் கரை நாட்டுக்கு, கப்பல் போகிற வழி மட்டும் எல்லாருக்கும் பொது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எதிரெதிரே இரண்டு நாடு நெருங்கி இருந்தால் 200 கணக்கு செல்லாது, பேசி எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். பாக் விரிகுடாவில் 1974இல் வகுத்துவிட்டார்கள். உங்கள் ரிட்டயர்டு சார் சொல்வது சென்னைக்குக் கிழக்கே சரி, ராமேஸ்வரத்தில் சரியில்லை.

பக்கத்து விஷயம் ஒன்று. மீன் பிடிக்கச் சட்டம் போடக் கடல்தான் வேண்டும் என்றில்லை. நம் நீலகிரிக்கென்றே 1879இல் வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே இருந்த மக்களிடம் யார் கேட்டார்கள்? அப்புறம் துரைமார் தூண்டில் போட டிரவுட் மீனையும் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சி குஞ்சுப் பண்ணை 1907லிருந்து இருக்கிறது.

தலவாக்கலையான் எழுதியது:

அவலாஞ்சி சொன்னது சட்டம். மீன்கடைத் தம்பி கேட்டது எப்போது ஆரம்பித்தது என்று. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவன், எழுத ஆரம்பித்தால் நீளும். அவசரம் உள்ளவர்கள் தாண்டிப் போகலாம்.

உங்கள் கடையில் மோதிய இரண்டு வாதமும் 400 வருடப் பழசு. எந்த நாடு எந்தப் பக்கம் நிற்கும் என்பதுதான் அவ்வப்போது மாறும். அதுவும் அவரவர் படகு எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து மாறும்.

1494இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் தோர்தெசியாஸ் என்ற ஊரில் உட்கார்ந்து, அட்லாண்டிக்கில் வடக்குத் தெற்காக ஒரு கோடு இழுத்தன. மேற்கு உனக்கு, கிழக்கு எனக்கு. அந்தக் கிழக்கில் நம் கடலும் அடக்கம், நம்மைத்தான் யாரும் கேட்கவில்லை. அந்தத் தெம்பில் இங்கே வந்த போர்ச்சுகீசியர் மலபார்க் கரையில் 'கர்த்தாஸ்' என்று ஓர் அனுமதிச் சீட்டை நுழைத்தார்கள். சீட்டு இல்லாத கப்பல் மாட்டினால் சரக்கு போச்சு. கோழிக்கோட்டு மன்னர் சாமூத்திரியின் கடற்படையை நடத்திய குஞ்ஞாலி மரைக்காயர்கள் பல தலைமுறை அவர்களோடு மல்லுக்கு நின்றார்கள்.

1603இல் டச்சுக்காரர்கள் சிங்கப்பூர்ப் பக்கம் 'சாண்டா கத்தரீனா' என்ற போர்ச்சுகீசியக் கப்பலைச் சரக்கோடு பிடித்துக்கொண்டு போனார்கள். இது வியாபாரமா, கொள்ளையா என்று சொந்த ஊரிலேயே கேள்வி வந்தது. கப்பலைப் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பக்கம் வாதம் எழுத ஹ்யூகோ குரோஷியஸ் என்ற இளம் வக்கீலைப் பிடித்தார்கள். அதில் ஒரு பகுதி 1609இல் ஆசிரியர் பெயரில்லாமல் சிறு நூலாக வந்தது. கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஜாவாவிலும் இலங்கையிலும் அவரவர்க்கு ராஜா இருக்கிறார்கள், போர்ச்சுகலுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டது அந்த நூல். உங்கள் கேரட் பெரியவர் கட்சி. அதில் இன்னொரு வாதமும் உண்டு: எல்லாரும் வேட்டையாடினால் காட்டில் மிருகம் தீரலாம், ஆற்றில் மீன் தீரலாம், கடலில் தீராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி எழுத வைத்த அதே டச்சுக் கம்பெனி 1658இல் மன்னார், யாழ்ப்பாணம், தூத்துக்குடி எல்லாவற்றையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது. பிடித்த பிறகு? கப்பல்களிடம் தானே பாஸ் கேட்டது, முத்துக்குளிப்பிலும் கையை வைத்தது.

இங்கிலாந்தின் கதை இதற்குத் தலைகீழ். குரோஷியஸ் நூல் வந்த அதே 1609இல், எங்கள் கரையில் வெளிநாட்டான் மீன் பிடிக்க உரிமம் வாங்க வேண்டும் என்று அரசர் ஜேம்ஸ் அறிவித்தார். ஹெர்ரிங் மீனை அள்ளிக்கொண்டு போன டச்சுப் படகுகள்தான் குறி. கடலுக்கும் சொந்தக்காரன் உண்டு என்று ஜான் செல்டன் எழுதிய பதில் நூல் 1635இல் வந்தது. பிறகு பிரிட்டிஷ் கடற்படை உலகத்திலேயே பெரியதாக வளர்ந்ததும் அவர்களுக்குத் திடீரென்று சுதந்திரக் கடல் பிடித்துப்போயிற்று. மூன்று மைலுக்கு மேல் எவனும் உரிமை பேசக்கூடாது என்றார்கள்.

அந்த மூன்று மைல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1702இல் பிங்கர்ஷூக் என்ற டச்சு சட்ட அறிஞர், கரையிலிருந்து ஆயுதம் எட்டுகிற வரைதான் அதிகாரமும் எட்டும் என்று எழுதினார். கரையில் பீரங்கி, அதன் குண்டு விழுகிற தூரம் உன் கடல். 1782இல் கலியானி என்ற இத்தாலியர் இதை மூன்று மைல் என்று எண்ணாக்கினார். 1793இல் அமெரிக்கா அதை எடுத்துக்கொண்டது. இந்த எண் நம் ஊரிலும் வந்து உட்கார்ந்தது: 1983 தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது, கரையை ஒட்டிய 3 கடல் மைலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கி, விசைப்படகை அதற்கு வெளியே போகச் சொன்னார்கள்.

நம் கடல் இந்த வாதத்தில் சாட்சியாகவும் வந்திருக்கிறது. 1758இல் வாட்டெல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், பஹ்ரைன், இலங்கை முத்துக்குளிப்பைக் காட்டி, இதெல்லாம் ஒரு நாட்டின் சொத்தாக இருக்க முடியும் என்பதில் யாருக்குச் சந்தேகம் என்று கேட்டார். சிப்பி ஓடாது, அது கிடக்கும் கடலடித் திட்டு, அதாவது பார், இருக்கும் இடம் தெரியும், காவல் போடலாம். ஓடுகிற மீனுக்குச் சட்டம் தடுமாறியது, அடியில் ஒட்டிக்கிடக்கும் சிப்பிக்கும் சங்குக்கும் அவ்வளவாகத் தடுமாறவில்லை.

சரி, 200க்கு வருகிறேன். 1945 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஒரு பிரகடனம் விட்டார். எங்கள் கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் கண்டத்திட்டின் எண்ணெய் எங்களுடையது என்றார். மீன் பாதுகாப்புக்கும் ஒரு பிரகடனம் கூடவே வந்தது. சிலியும் பெருவும் பார்த்தன. அவர்கள் கரையில் கண்டத்திட்டு ரொம்பக் குறுகல், கொஞ்ச தூரத்திலேயே பாதாளம். ஆனால் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தில் மீன் கொட்டிக்கிடக்கிறது. உனக்குத் திட்டு என்றால் எனக்குத் தண்ணீர் என்று 1947இல் 200 மைல் கேட்டன. 1952இல் ஈக்வடாரும் சேர்ந்தது. பெரிய நாடுகள் சிரித்தன. ஈக்வடார் அமெரிக்கச் சூரைப் படகுகளைப் பிடித்து அபராதம் போட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது.

எனக்குப் பிடித்த அத்தியாயம் ஐஸ்லாந்துதான். நம் நீலகிரி மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 7.35 லட்சம் பேர். 1970களின் ஐஸ்லாந்தில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ராணுவம் கிடையாது. காட் மீனை விட்டால் பிழைப்பு கிடையாது. ஹல், கிரிம்ஸ்பி ஊர்களிலிருந்து வந்த பிரிட்டிஷ் இழுவைப் படகுகள் அவர்கள் வாசலில் வலை இழுத்துக்கொண்டிருந்தன. ஐஸ்லாந்து தன் எல்லையை 1958இல் 12 மைல், 1972இல் 50, 1975இல் 200 என்று தள்ளிக்கொண்டே போனது. பிரிட்டன் போர்க்கப்பலைத் துணைக்கு அனுப்பியது. ஐஸ்லாந்தின் காவல் படகுகள் சுடுவதைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டு, ஒரு வெட்டுக் கொக்கியைப் பின்னால் கட்டி இழுத்தன. பிரிட்டிஷ் படகின் பின்பக்கம் குறுக்கே போனால் வலையை இழுக்கும் கம்பி வடம் அறுந்துவிடும். வலையும் மீனும் கடலடிக்கு. ஆள் பத்திரமாக ஊர் திரும்புவான், வெறுங்கையோடு. 1976 ஜூனில் பிரிட்டன் இறங்கி வந்தது. ஒரே நேரத்தில் 24 படகு, அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டது. மூன்று மைல் என்று உலகத்துக்கே பாடம் எடுத்த பிரிட்டன் 1977 ஜனவரியில் தானும் 200 மைல் அறிவித்துவிட்டது. நம் நாடும் அதே சமயம்தான், 1976இல் சட்டம் போட்டு 200 எடுத்துக்கொண்டது.

இனி நம் வீட்டு விவகாரம். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை எல்லை போட்டார்கள். கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. ஐந்தாம் பிரிவில், நம் மீனவரும் யாத்ரீகரும் விசா இல்லாமல் தீவுக்குப் போய் வரலாம் என்று இருக்கிறது. ஆறாம் பிரிவில், இரு நாட்டுப் படகுகளும் ஒன்று மற்றதன் கடலில் வழக்கமாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்று இருக்கிறது. தம்பி கேட்ட பாட்டன் காலத்து உரிமை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஆனால் 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை போட்டபோது, இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று அதில் எழுதியது. அப்போது நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் ஜனவரி 31இலேயே ஆட்சியைக் கலைத்திருந்தார்கள், கேள்வி கேட்கச் சட்டசபையே இல்லை. கச்சத்தீவு, கச்சத்தீவு என்று எல்லாரும் மேடையில் கத்துகிறார்கள். மீனவன் தலையில் விழுந்தது அந்தக் கடிதம்தான் என்பது என் எண்ணம்.

எனக்கு இதில் ஒரு சொந்தச் சம்பந்தம் உண்டு. பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், தலவாக்கலை இலங்கை மலையகத்து ஊர். 1964 சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974 ஜனவரியில் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அதே இரண்டு அம்மையார்கள், அதே வருடம். முதலில் ஆட்கள், ஐந்து மாதம் கழித்துத் தண்ணீர். நான் சின்னப் பையனாகத் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தவன். அப்பாவும் அம்மாவும் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். கப்பலில் வந்த அன்றைக்கு நான் கோடு எதையும் பார்க்கவில்லை, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

குரோஷியஸின் "கடலில் தீராது" வாதத்துக்கு வருகிறேன். கடல் பொது என்ற கட்சி அதன்மேல்தான் நின்றது. கட்டுமரமும் பருத்தி வலையும் இருந்தவரை அது நிஜம் போலத்தான் இருந்தது. 1953இல் கேரளத்து நீண்டகரையில் நார்வே உதவித் திட்டம் வந்தது, விசைப்படகு வந்தது, 60களில் இறால் ஏற்றுமதி சூடு பிடித்தது. விசைப்படகு இழுக்கும் இழுவைமடி வலை கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும், குஞ்சு, முட்டை, பாசி எல்லாம் சேர்த்து. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், எத்தனை நாள் தாங்கும்? அந்தப் பக்கம் போருக்காக மீனவரைக் கடலில் இறங்க விடாத காலத்தில் நம் படகுகள் தாராளமாகப் போய்வந்தன. 2009க்குப் பிறகு அவர்கள் சிறு படகும் நைலான் வலையுமாகத் திரும்பி வந்து பார்த்தால், ராத்திரி போட்ட வலை காலையில் கிழிந்து கிடக்கிறது. 2017இல் இலங்கை இழுவைமடியையே சட்டப்படி தடை செய்துவிட்டது. வலை கிழிபடுகிறவனும் தமிழன்தான். பாரம்பரிய உரிமை பாரம்பரிய வலைக்குத்தான் என்று அவன் சொன்னால் நம்மிடம் பதில் இல்லை.

ராமேஸ்வரத்து மருமகன் எழுதியது:

வாத்தியார் அய்யா, மலையில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். நான் ஊட்டியில் டாக்ஸி ஓட்டுகிறேன், மாமனார் வீடு ராமேஸ்வரம். மச்சானுக்கு ஒரு விசைப்படகு. இழுவைமடியை ஊக்குவித்தது யார்? மானியம் கொடுத்து, டீசல் கொடுத்து, டாலர் வருகிறது என்று தட்டிக் கொடுத்தது அரசாங்கம்தானே? இன்றைக்கு நிறுத்து என்றால் கடனை யார் கட்டுவது?

எங்கள் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று நாளில் டீசல் காசை எடுக்க வேண்டும். நம் பக்கக் கடலில் பாதி தூரம் பாறை, மீதியில் மீன் இல்லை. எல்லை எங்கே என்று ஜிபிஎஸ்ஸில் நன்றாகவே தெரியும். தெரியாமல் யாரும் போகவில்லை, போகாவிட்டால் அடுப்பு எரியாது என்று போகிறார்கள். 2017இல் ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டம் வந்தது. படகு 80 லட்சம், 70 சதவீதம் மானியம். மச்சானும் மனுப் போட்டுப் பார்த்தார். மிச்சத்தில் பெரும்பகுதிக்கு பேங்க் கடன், பேங்கில் நிலப்பத்திரம் கேட்டார்கள். கடற்கரைப் புறம்போக்கில் வீடு கட்டியவரிடம் எங்கே பத்திரம்? ஒரே நாளில் போய் வந்த ஆளை வாரக்கணக்கில் கடலில் கிட, தூண்டிலில் சூரை பிடி என்றால் அதையும் யாராவது சொல்லித்தர வேண்டாமா?

பிடிபட்டால் படகு போச்சு. முன்பெல்லாம் ஆளோடு படகையும் விடுவார்கள், இப்போது படகு நாட்டுடைமை. உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் முதலாளி இல்லை, கூலிக்குப் போனவர்கள்.

கோத்தகிரி மீன்கடை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. மருமகன் அண்ணா சொன்னது உண்மை. இறால் வருகிற பெட்டியில் சுண்டுவிரல் நீளத்துக் குஞ்சு மீனும் கலந்து வரும், அதை நான் எடை போடுவதில்லை, கோழித்தீவனக்காரர் எடுத்துக்கொண்டு போவார். வாத்தியார் சொன்ன சுரண்டல் அந்தப் பெட்டியிலேயே தெரிகிறது.

இன்னும் ஒரு சந்தேகம். அந்த 1976 கடிதம் அவர்களையும் கட்டுப்படுத்துமா? இலங்கைப் படகு இங்கே வந்தால்?

தலவாக்கலையான் எழுதியது:

கட்டுப்படுத்தும் தம்பி, இரு பக்கத்துக்கும் ஒரே வாசகம்தான். இலங்கையின் பல நாள் தங்கிப் பிடிக்கும் சூரைப் படகுகளை நம் கடலோரக் காவல் படை பிடித்த செய்தியும் வரும், தமிழ்ப் பத்திரிகையில் உள்பக்கத்தில் சின்னதாக. அதே 1976இல் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற வளமான மீன் திட்டு நமக்கு என்று எழுதிக்கொண்டோம். அங்கே காலங்காலமாகப் பிடித்த இலங்கைப் படகுகளுக்கு மூன்று வருடம் அவகாசம் கொடுத்து வெளியேற்றினோம். அவர்களுடைய பாட்டன் உரிமையை நாம் அப்படித்தான் முடித்து வைத்தோம். கச்சத்தீவு பேசுகிற மேடையில் இதைக் கேட்டிருக்கிறீர்களா?

மருமகன் தம்பி, கடன் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. பத்திரம் இல்லாதவனிடம் பத்திரம் கேட்கிற திட்டம் காகிதத்தில்தான் ஓடும். ஹல், கிரிம்ஸ்பியிலும் படகு முதலாளிகள் எப்படியோ சமாளித்தார்கள், கூலிக்குப் போனவர்களுக்குத்தான் வேலை போனது, அவர்களை வெகுகாலம் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் நம் பக்கம் மீன் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை யார் காலி பண்ணினார்கள் என்று மச்சானிடம் ஒருதரம் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

மீன்கடைத் தம்பிக்கு: ரிட்டயர்டு சார் மறுபடி வந்தால் 1974இன் ஆறாம் பிரிவையும் 1976 கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முந்தையதை பிந்தையது முழுக்க அழித்ததா, இல்லையா என்று வக்கீல்கள் இன்னும் வாதாடலாம், இடம் இருக்கிறது. 200 மைலை மட்டும் அங்கே இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.